வேறு பக்கம்

அன்புள்ள ஐயா,

மேற்குக் குமரியில் ஓர் அரசு உயர்நிலைப்பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். ஆனாலும் என் ஒன்பதாம் வகுப்பில் மெல்லக் கற்போர் பலர், ஆர்வமே இல்லை. தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை அழைத்தோம். இரண்டு நாள்கூட அதன் பயன் நிற்கவில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருந்தும் இவர்களுக்கு எப்படி ஊக்கமூட்டுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பேச்சாளரைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. இரண்டு நாள் என்பதே அதிகம். உள்ஒதுக்கீடு நல்ல ஏற்பாடு, ஆனால் அது நீட் எழுதும் வரை வந்து சேர்கிற பிள்ளைக்கானது.

எனக்கு உறுத்தியது ‘மெல்லக் கற்போர்’ என்ற சொல். அலுவலகப் படிவத்தில் எழுதுங்கள், வேறு வழியில்லை. எனக்கு எழுதும்போது வேண்டாம். அவர்களில் எத்தனை பேருக்கு ஒரு பத்தியை வாசிக்க வரும் என்று பார்த்தீர்களா? பார்த்திருந்தால் உங்கள் கடிதம் வேறாக இருந்திருக்கும். அந்த 91.75ஐ நம்பி இருக்காதீர்கள். கணக்கெடுக்க வருபவர் யாரையும் வாசிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை, வீட்டார் சொல்வதை எழுதிக்கொள்கிறார்.

சில நாட்களாக ஒரு மாணவனை நினைத்துக்கொண்டிருக்கிறேன். குளச்சலை அடுத்த கடலோரப் பள்ளியில் நான் சேர்ந்த புதிது. வகுப்பில் முறைவைத்து உரக்க வாசிக்கச் சொல்வேன். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர் ஒருவரின் மகன், ஒரு சொல் பிசகாமல் வாசிப்பான். ஓராண்டு முழுக்க அவனைப் பிறருக்கு உதாரணம் காட்டினேன். ஒருநாள் தற்செயலாக அவன் பின்னால் நின்றபோது, வாய் சொல்லும் பாடம் ஒன்றாகவும் கையில் விரிந்திருந்த பக்கம் வேறாகவும் இருந்தன. முன்னால் வாசித்தவர்களைக் கேட்டே பாடத்தை மனத்தில் ஏற்றியிருந்தான். எழுத்துகளில் பாதிகூட அவனுக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா அடிப்பியளே சாரே.”

உண்மைதான், அடித்திருப்பேன். ஒன்பதாம் வகுப்பில் அகரம் சொல்லிக்கொடுக்கவா பட்டம் வாங்கினேன் என்ற திமிர் எனக்கும் இருந்தது. அது தொடக்கப்பள்ளியின் வேலை என்று இன்றும் உயர்நிலைப்பள்ளிகளில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல வெட்கப்பட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே மயிலாடியிலும் மார்த்தா மால்ட் நாகர்கோவிலிலும் நடத்திய பள்ளிகளில் எழுத்துதான் முதல் பாடம். தோளை மறைக்கும் உரிமைக்காக, 1859இல் திருவிதாங்கூர் அரசாணை வரும் வரை போராட வேண்டியிருந்த சமூகங்களின் பெண்பிள்ளைகளுக்கு, அந்த அரசாணைக்குப் பல பத்தாண்டுகள் முன்பே எழுத்து வந்து சேர்ந்தது, சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவர்கள் அதைத் தாழ்ந்த வேலையாக நினைக்காததால்தான்.

மதிய உணவுக்குப் பின் தினம் இருபது நிமிடம் அவனோடு உட்கார்ந்தேன். பாடநூலை எடுத்தாலே முகம் சுருங்கும் என்பதால், கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களின் பெயர்களிலிருந்து தொடங்கினேன். எது யாருடைய வள்ளம் என்பது அவனுக்குத் தெரியும், அதனால் பெயரும் தெரியும். தெரிந்த பெயருக்குள் எழுத்தைக் கண்டுபிடிப்பதுதான் மிச்சம். ‘ஆரோக்கியம்’ என்ற ஒரு பெயரிலேயே நெடிலும் ஒற்றும் கிடைத்துவிட்டன. கோடை விடுமுறைக்கு முன் செய்தித்தாளின் தலைப்புகளை வாசித்தான், திக்கித் திணறி. மனப்பாடமாகச் சொன்னபோது அவன் ஒருமுறைகூடத் திக்கியதில்லை.

ஊக்கமூட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திங்கட்கிழமை ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, பிறர் காதில் விழாதபடி, பார்த்திராத ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு வரவில்லை என்று மட்டும் எனக்கு எழுதுங்கள், பெயர்கள் வேண்டாம்.