பக்கத் தொழில் சுணங்கினால் என்ன செய்வது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பகலில் கோத்தகிரியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன், மாலையில் டீத்தூள் பாக்கெட் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறேன், பல வருடமாக இரண்டும் சேர்ந்தே ஓடுகிறது. நம் மலைப்பக்கம் வேலையோடு சேர்த்துச் சின்னதாக ஒரு தொழிலும் செய்கிறவர்கள் "ஒண்ணுமே நகர மாட்டேங்குது அக்கா" என்று கேட்டிருந்தீர்கள். பெயர்களை எடுத்துவிட்டு, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி (குன்னூர், ஹோம்மேட் சாக்லேட்): மே மாதம் ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து செய்தேன். இப்போது அக்டோபரில் நாலு ஆர்டர் முடிக்கவே முடியவில்லை. ஸ்கூல் முடிந்து வந்தால் சமையலறைப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. சோம்பேறி ஆகிவிட்டேனா?

பதில்: இல்லம்மா. மே மாதத்தை வைத்து அக்டோபரை அளக்கிறீர்கள், அதுதான் சிக்கல். மே மாதம் பள்ளிக்கு லீவு, சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, ஊர் முழுக்க வெளியூர் ஆட்கள், உங்கள் கையிலோ முழு நாள் இருந்தது. அக்டோபரில் எட்டு மணி நேரம் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருகிறீர்கள், அதோடு வடகிழக்குப் பருவமழை வேறு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை என்றால் அதுதானே. சாக்லேட்டுக்கு ஈரம் ஆகவே ஆகாது. மேலே படிகிற ஈரத்தில் சர்க்கரை கரையும், பிறகு காயும்போது வெள்ளையாகப் பூக்கும். பாடுபட்டுச் செய்ததில் பாதித் தட்டு இப்படிப் போனால் மறுபடி தட்டை எடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? உங்கள் வெறுப்புக்குப் பாதிக் காரணம் அந்த வெள்ளைதான் என்று நினைக்கிறேன்.

டார்க் சாக்லேட்டை 45, 50 டிகிரிக்கு உருக்கி, 27, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்றி ஊற்றுகிற வேலையைக் களைத்துப்போன சாயங்காலத்தில் தொடாதீர்கள். சனிக்கிழமை காலை, ஜன்னலைச் சாத்திவிட்டு, பக்கத்து அடுப்பில் குக்கரோ வெந்நீரோ கொதிக்காத நேரமாகப் பார்த்து மொத்தத்தையும் முடித்துவிடுங்கள். வாரநாளில் ரேப்பர் சுற்றுவது, லேபிள் ஒட்டுவது, பணம் வந்ததா என்று பார்ப்பது, அவ்வளவு போதும். ஆர்டர் வாங்கும்போதே "திங்கள்தான் பார்சல் கிளம்பும்" என்று சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கேள்வி (கூடலூர், மிளகும் ஏலக்காயும்): தினமும் ஐந்து மணிக்கு எழுந்து பிளான் எழுதுகிறேன். எழுதியது எதுவும் நடப்பதில்லை. ஜூனிலிருந்து இப்படித்தான்.

பதில்: தம்பி, கூடலூர், பந்தலூர், தேவாலாப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போகும், நெட் போகும், ரோட்டில் மரம் விழும். அந்த மாதங்களில் "தினம் பத்து பார்சல்" என்று எழுதினால் தினமும் தோற்றதாகத்தான் தோன்றும். மழை மாத வேலையே வேறு. முதலில் சரக்கைக் காப்பாற்றுங்கள், மிளகில் ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி. அப்புறம், போன வருடம் வாங்கிய ஆட்களின் பட்டியலை உட்கார்ந்து எழுதுங்கள்.

பிளான் எழுதுகிற விதத்தையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2011ல் வெளியிட்ட ஆய்வில், முடியாமல் கிடக்கும் வேலை மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தாலும், அதை எப்படி முடிக்கப்போகிறோம் என்று குறிப்பாகத் திட்டம் போட்டதுமே, வேலை முடிவதற்கு முன்பே, அந்தக் குடைச்சல் தணிவதைக் கண்டார்கள். "மார்க்கெட்டிங்" என்று எழுதினால் அது திட்டமே இல்லை. "சாயங்காலம் ஏழு மணிக்கு, சாப்பிடும் முன், கோவை ஆட்கள் மூன்று பேருக்கு போன்" என்று எழுதுங்கள். ஒரு நாளைக்கு இப்படி ஒன்று போதும்.

கேள்வி (கொடைக்கானல், ஹோம்ஸ்டே): இ-பாஸ் வந்ததிலிருந்து புக்கிங் முன்போல இல்லை, வேலையில் பிடிப்பும் போய்விட்டது.

பதில்: வியாபாரம் குறைந்தது வேறு, நீங்கள் சுணங்கியது வேறு. இரண்டையும் சேர்த்து மனசில் போட்டுக்கொள்ளாதீர்கள். வெளியூர் வண்டி மலை ஏறும் முன் ஆன்லைனில் எடுக்க வேண்டிய இந்த இ-பாஸ் 2024 மே 7ல் தொடங்கியது. 2025ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வாரநாளில் 4000 வண்டி, வார இறுதியில் 6000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. இது நீங்கள் ராப்பகலாக உழைத்து மாற்றக்கூடியது இல்லை. ரூம் கேட்டு மெசேஜ் வந்ததுமே இ-பாஸ் எடுக்கும் வழியையும் சேர்த்து அனுப்பிவிடுவது உங்கள் கையில் இருக்கிறது, அதைச் செய்யுங்கள்.

கேள்வி (கோத்தகிரி, ஐடி வேலை, கூடவே சோப்பு): ஆறு மாதமாகக் கணக்கு எழுதவில்லை. அதை நினைத்தாலே லேப்டாப்பை மூடிவிடுகிறேன். இப்போது புது ஆர்டர் எடுக்கக்கூடப் பயமாக இருக்கிறது.

பதில்: இந்தக் கேள்விக்காகவே இன்று உட்கார்ந்தேன். என் வேலையே கணக்கு என்பதால் இதை நிறையப் பேரிடம் பார்க்கிறேன். ஒரே ஒரு வேலையைத் தொடப் பயந்து தள்ளிப்போடுவார்கள், அது மற்ற எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், கடைசியில் தொழிலே பிடிக்கவில்லை என்று சொல்வார்கள். தொழில் பிடிக்காமல் இல்லை, அந்த நோட்டுதான் பிடிக்கவில்லை.

ஆறு மாதத்தையும் ஒரே மூச்சில் எழுத உட்காராதீர்கள். இந்த மாதத்தில் தொடங்கிப் பின்னால் போங்கள், ஏனென்றால் போன வாரம் எதற்குப் பணம் கொடுத்தோம் என்பது ஞாபகம் இருக்கும், ஏப்ரலில் கொடுத்தது இருக்காது. பேங்க் ஸ்டேட்மென்ட்டை இறக்கி, வந்தது, போனது, புரியவில்லை என்று மூன்றாகக் குறித்துக்கொண்டே போங்கள். புரியாததை விட்டுவிட்டு மேலே நகருங்கள். அரை மணி நேரம் ஆனதும், பாதியில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள். அப்புறம், சம்பளம் வரும் கணக்கிலேயே சோப்புப் பணமும் வருகிறதென்றால் இந்த வாரமே தனிக் கணக்கு ஒன்று தொடங்கி அதில் யுபிஐ வையுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

உங்கள் பயத்துக்குப் பின்னால் ஜிஎஸ்டி இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பொருள் விற்பவர்களுக்கு வருட விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பெங்களூருக்கோ கொச்சிக்கோ பார்சல் போனால் அது வெளிமாநில விற்பனை, அங்கே அந்த வரம்பை நம்ப முடியாது. ஒரு ஆடிட்டரிடம் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். ராத்திரி படுத்துக்கொண்டு யோசிப்பதைவிட அவருக்குக் கொடுக்கும் பணம் குறைவுதான்.

கேள்வி (பூம்பாறை, மலைப்பூண்டும் தேனும்): தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் ஆசை இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எப்படிச் சுறுசுறுப்பாவது?

பதில்: தம்பி, இதற்கு என் பதில் டைம் டேபிள் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். கொடைக்கானல் போய்வர நாளாகும் என்றால் இப்போதே 14416க்கு போன் செய்யுங்கள். அது டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பூண்டு காத்திருக்கும். வீட்டில் ஒருவரிடமாவது இன்றைக்கே சொல்லுங்கள்.

கேள்வி (ஊட்டி, தைலம்): நிறுத்திவிடலாமா அக்கா?

பதில்: நிறுத்தலாம், தப்பே இல்லை. ஆனால் மழையும் குளிரும் கடன் யோசனையும் சேர்ந்திருக்கிற ராத்திரியில் முடிவு செய்யாதீர்கள். ஒரு சீசன், ஒரு ஆஃப் சீசன் இரண்டின் கணக்கையும் பக்கத்தில் வைத்து, செலவு போக நின்றதை நீங்கள் உழைத்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். பாட்டில் கழுவியது, தபால் ஆபீஸ் வரிசையில் நின்றது எல்லாம் அதில் சேர வேண்டும். வந்த தொகையைப் பார்த்தும் மனசு மாறவில்லை என்றால் முதலில் அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள், மிச்சச் சரக்கைக் கடைக்காரர் யாருக்காவது மொத்தமாகத் தள்ளிவிடுங்கள், லேபிள் டிசைனையும் வாடிக்கையாளர் நம்பர்களையும் மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள்.