ரீமேப் செய்த காரில் மிஸ்ஸிங்: பிளக் கேப் எவ்வளவு வைக்கலாம்?

கேள்வி: என்னுடைய 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார் 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன மாதம் ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி சக்தியைக் கூட்டுவதில் முதல் நிலை) செய்தேன். டவுனுக்குள் ஒரு தொந்தரவும் இல்லை. பைபாஸில் நான்காவது கியரில் 2,500 ஆர்.பி.எம்.மிலிருந்து முழுதாக மிதித்தால் வண்டி இரண்டு மூன்று முறை வெட்டி வெட்டி இழுக்கிறது. 4,500 தாண்டினால் தானாகச் சரியாகிவிடுகிறது. ஸ்கேனரில் பி0300 (எந்தச் சிலிண்டர் என்று குறிப்பிடாத மிஸ்ஃபயர், அதாவது கலவை சரியாக எரியாமை) என்ற எரர் கோடு வருகிறது. ரீமேப் செய்தவர் பிளக் என்கிறார், சர்வீஸ் சென்டரில் மூன்று காயிலையும் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தருபவை) மாற்றச் சொல்கிறார்கள். எதை நம்புவது?
வாசகர், ஈரோடு

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். முதலில் பிளக்கைக் கழற்றி கேப்பை, அதாவது இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை, அளந்து பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி பதில் இருக்கிறது.

2,500 முதல் 4,000 வரைதான் உங்கள் இன்ஜினில் டார்க் (சுழற்றும் விசை) உச்சத்தில் இருக்கும். ரீமேப்புக்குப் பிறகு டர்போ அந்த இடத்தில்தான் முன்பைவிட அதிகக் காற்றைத் திணிக்கிறது. காற்று நெருக்கமாக அடைபட அடைபட, பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே பொறி தாண்டுவது கடினமாகிறது. கேப் பெரிதானாலும் அதே கதைதான். இந்த இரண்டும் சேர்ந்து கேட்கும் வோல்டேஜ், காயில் தரக்கூடிய உச்சத்தைத் தாண்டும் கணத்தில் பொறி விழாது, வண்டி வெட்டும். 4,500க்கு மேல் சிலிண்டர் நிரம்புவது குறைவதால் பொறி மறுபடி தாண்டிவிடுகிறது. காரோடு வந்த கேப், கம்பெனி வைத்த பூஸ்டுக்கான (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) கேப். 38,000 கி.மீ. ஓடிய பிளக்கில் அது தேய்ந்து இன்னும் அகன்றிருக்கும். கூர்மையாக இருந்த ஓரங்கள் மழுங்கியிருப்பதும் வோல்டேஜைக் கூட்டும்.

ஒரே காயில் செத்திருந்தால் பெரும்பாலும் பி0301, பி0302, பி0303 என்று சிலிண்டர் எண்ணோடுதான் எரர் கோடு வரும். பி0300 வந்தால் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான காரணத்தைத் தேட வேண்டும். மூன்று காயிலும் ஒரே நாளில் கெட்டுப்போவது அபூர்வம்.

இன்ஜின் நன்றாக ஆறியபிறகு வேலையைத் தொடங்குங்கள். காயிலைக் கழற்றுமுன் சுற்றிலும் ஏர் அடித்து மண்ணை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். காயிலை லேசாகத் திருகிவிட்டு நேராக மேலே இழுக்க வேண்டும். பிளக் இரிடியமாக இருந்தால் கம்பி வடிவ கேஜால் மட்டும் அளவிடுங்கள். சாவிக்கொத்தில் தொங்கும் வட்ட கேஜ் வேண்டாம், அது ஆப்பு மாதிரி நுழைந்து நடு முனையை நெம்பும். இரிடியம் முனையின் பருமன் 0.4 முதல் 0.6 மி.மீ.தான், மெக்கானிக்கல் பென்சிலின் குச்சி அளவு. தேய்மானத்தைத் தாங்கும், ஆனால் பக்கவாட்டில் அழுத்தினால் பட்டென்று முறிந்துவிடும்.

இப்படிப்பட்ட டர்போ இன்ஜின்களில் புத்தக அளவு பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மி.மீ. உங்கள் மேனுவலில் உள்ளதைப் பாருங்கள். அளந்ததில் 0.9 வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டார். புது பிளக் வாங்கி 0.7 வைத்து, அதே சாலையில் அதே கியரில் ஓட்டிப் பாருங்கள். இன்னும் வெட்டினால் 0.65. ஒரு தடவைக்கு 0.05க்கு மேல் மாற்றாதீர்கள், மூன்றிலும் ஒரே அளவு இருக்கட்டும். 0.6க்குக் கீழே போக அவசரப்பட வேண்டாம். பொறி தாண்டும், ஆனால் சின்னப் பொறி. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) வண்டி குலுங்க ஆரம்பிக்கும். கேப்பைக் குறைக்க, வளைந்த பக்க முனையை மரக்கட்டையில் மெல்லத் தட்டினால் போதும். கூட்டுவதற்கு கேப் டூலால் பக்க முனையை மட்டும் பிடித்து வளைக்க வேண்டும், நடு முனையின் மேல் எதையும் ஊன்றக் கூடாது. பல முனை கொண்ட பிளக் என்றால் கேப்பில் கையே வைக்காதீர்கள்.

கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானையும் ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பாருங்கள். உலோகத்தை ஒட்டி மங்கலான பழுப்பு வளையம் இருந்தால் அது கேஸ் லீக் அல்ல. உயர் வோல்டேஜால் எண்ணெய்த் துகள்கள் ஒட்டிய கறை, கவலை வேண்டாம். பென்சிலால் மேலிருந்து கீழே கீறியதுபோல் மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் விஷயம் வேறு: பொறி கேப்பைத் தாண்ட முடியாமல் பீங்கானின் வெளிப்புறமாக இறங்கியிருக்கிறது. அந்தக் கோட்டுக்கு நேரே காயிலின் ரப்பர் பூட்டிலும் தடம் இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய பூட் புது பிளக்கையும் கெடுத்துவிடும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மாட்டும்போது மரை காய்ந்திருக்க வேண்டும், கிரீஸோ ஆன்டி-சீஸோ (மரை ஒட்டிக்கொள்ளாமல் பூசும் பசை) வேண்டாம். வழுவழுப்பில் டார்க் ரெஞ்ச் காட்டுவதைவிட அதிகமாக இறுகி, அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20.

கேப் சரியாக இருந்தும் வெட்டினால் அப்போது காயில். ஸ்கேனரில் ஒன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர் அதிகம் தெரிகிறது என்றால், அதன் காயிலை மூன்றுக்கு மாற்றி ஓட்டுங்கள். மிஸ்ஃபயர் எண்ணிக்கை காயிலோடு சேர்ந்து மூன்றுக்குப் போனால் அந்தக் காயில்தான். ஒன்றிலேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்ற வரிசையில் போங்கள். நடுவில் செக் இன்ஜின் விளக்கு கண் சிமிட்டினால் உடனே காலை எடுத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) உருக்கிவிடும். அது காயிலைவிடப் பெரிய செலவு.

கேள்வி: ரீமேப் செய்தால் ‘கோல்ட்’ பிளக் கட்டாயமா?
வாசகர், சேலம்

பதில்: கட்டாயமில்லை. நுனியின் சூட்டை வேகமாக வெளியேற்றுவதுதான் ‘கோல்ட்’ பிளக். ஸ்டேஜ் 1க்கு ஒரு படி கோல்ட் போதும், டவுனுக்குள்ளேயே ஓடும் வண்டிக்குப் பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. பிளக் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் படிந்த கரியைத் தானே எரிக்கும். 800 டிகிரியைத் தாண்டினால் பொறி வருமுன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். வாங்கும்போது படியைக் குறிக்கும் எண்ணைக் கவனியுங்கள். என்.ஜி.கே., டென்சோவில் எண் ஏறினால் கோல்ட். பாஷில் எண் இறங்கினால் கோல்ட். கடைக்காரரே இதில் தடுமாறுவது உண்டு. என்.ஜி.கே.யில் கடைசியில் ‘-11’ என்றிருந்தால் கேப் 1.1 மி.மீ., டர்போவில் அதை அப்படியே மாட்டக் கூடாது.

பீங்கான் நுனியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகளோ, வெள்ளி நிறத்தில் மினுக்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் அது பிளக் பிரச்சினை அல்ல, நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானே வெடித்து எரிவது). பிளக்கை மாற்றி ஓட்டாமல் ரீமேப்பைத் திருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: வெளியில் சி.என்.ஜி. கிட் போட்ட காருக்கு மேடு ஏறும்போது மட்டும் மிஸ் அடிக்கிறது. பெட்ரோலுக்கு மாற்றினால் ஒன்றுமே இல்லை. கிட்டில் கோளாறா?
வாசகர், திண்டுக்கல்

பதில்: கிட்டைக் குறை சொல்லுமுன் பிளக்கைப் பாருங்கள். கேஸ் கலவையைப் பற்றவைக்க பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும், மேட்டில் லோடு ஏறும்போது இன்னும் அதிகம். 1.1 மி.மீ. கேப் பெட்ரோலுக்குச் சரி, கேஸுக்கு அகலம். 0.8 வையுங்கள், பெட்ரோலிலும் அது ஓடும். பெட்ரோலில் தெரியாத காயில் பலவீனமும் கேஸில்தான் முதலில் வெளியே வரும். பிளக்கும் காயிலும் சரியென்றால் ஏர் ஃபில்டர், பிறகு கேஸ் ஃபில்டர், கடைசியாக ரெடியூசர் (கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் பாகம்) பிரஷர்.

கேள்வி: ரேஸ் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட பிறகு ஐடிலில் மிஸ்ஃபயர் கோடு வருகிறது. டர்போ இல்லை. கேப்பைக் குறைத்தும் போகவில்லை.
வாசகர், கோவை

பதில்: கேப்பைப் பழைய அளவுக்கே கொண்டுபோங்கள், குறைத்தது ஐடிலை இன்னும் மோசமாக்கியிருக்கும். அந்தக் கேமில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். குறைந்த வேகத்தில் எரிந்த புகை திரும்பி வந்து புதுக் கலவையில் கலக்கிறது, கிராங்க் சீராகச் சுற்றாது, ஈ.சி.யூ. (இன்ஜின் கம்ப்யூட்டர்) அதை மிஸ்ஃபயர் என்று எண்ணிக்கொள்கிறது. 2,500இல் நிலையாகப் பிடித்தால் எண்ணிக்கை நிற்கிறதா பாருங்கள். நின்றால் ஐடில் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி, மேப்பைத் திருத்தினால் போதும். ஐடிலில் ஃப்யூவல் டிரிம் (ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பிளஸ் 15, 20 என்று ஏறி, 2,500இல் பூஜ்யத்தை நெருங்கினால் கேம் அல்ல, இன்டேக் கேஸ்கெட்டில் காற்று இழுக்கிறது. இரண்டுமில்லை என்றால் சூடான இன்ஜினில் திராட்டிலை முழுதாகத் திறந்து கம்ப்ரஷன் எடுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வால்வு கிளியரன்ஸைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் மெக்கானிக் ஆக்சா பிளேடை நுழைத்துத்தான் கேப் வைக்கிறார். சரியா?
வாசகர், காரைக்குடி

பதில்: பழைய அம்பாசடர் பெட்ரோல் இன்ஜினுக்கு 0.025 அங்குலம், அதாவது சுமார் 0.64 மி.மீ. கேப். ஆக்சா பிளேடின் தடிமனும் ஏறக்குறைய அதேதான். ஆக, அந்தக் காலத்து வண்டிக்கு அவர் செய்தது சரி. உங்கள் காரில் இரிடியம் பிளக் இருந்தால் பிளேடையும் வேண்டாம், உப்புத்தாளையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கீழே விழுந்த புது பிளக்கையும் மாட்டவிடாதீர்கள், உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.