விளிம்புநிலைக் குரல்களுக்காகக் கவிதையும் ஓவியமும்: கேள்வி பதில்

கேள்வி: துப்புரவுப் பணியாளர்கள் தாங்களே பேசுவதுபோல் கவிதைகள் எழுதியிருக்கிறேன். எனக்கு அந்தத் தொழில் இல்லை. வெளியிடலாமா?

பதில்: அவர்களிடம் வாசித்துக் காட்டினீர்களா? காட்டாமல் வெளியிடாதீர்கள். 1936இல் கலிபோர்னியாவில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கே எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. கன்னத்தில் கைவைத்த தாய். அவள் தோளில் முகம் புதைத்த இரு குழந்தைகள். படம் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு உணவு போனது. அதற்குள் அந்தத் தாய் அங்கிருந்து கிளம்பிவிட்டார். லாங்கே அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் வெளியே தெரிந்தது 1978இல்தான். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் மனம் கசந்து சொன்னார். பெயரைக் கேளுங்கள்.

கேள்வி: கவிதைத் தொகுப்பின் பதிப்புரிமை ஒப்பந்தத்தை எப்படி எழுதுவது?

பதில்: வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: குடிசைப் பகுதிச் சிறுவர்களை வரைந்திருக்கிறேன். அனுமதி தேவையா?

பதில்: தேவை. பெற்றோரிடமும் கேட்க வேண்டும்.

கேள்வி: முதல் பதிலை ஏற்க மாட்டேன். இப்படி நிபந்தனை போட்டால் வெளியாள் எவரும் எழுத முடியாது. பாதிக்கப்பட்டவர் பேச முடியாத நிலையில் யார் பேசுவது?

பதில்: வெளியாள் எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1943 வங்கப் பஞ்சத்தின்போது ஓவியர் சித்தபிரசாத் மேதினிப்பூர் மாவட்டத்தில் நடந்தே சுற்றினார். எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். பல ஓவியங்களில் அவர்களின் பெயரையும் ஊரையும் எழுதிவைத்தார். பசியில் கிடந்தவர்களிடமே அவரால் பெயர் கேட்க முடிந்தது. அந்தப் பெயர்கள் இருந்ததால்தான் பஞ்சத்தை யாரும் வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியவில்லை என்பேன். ஆங்கிலேய அரசு அந்த ஓவியங்களோடு வந்த அவருடைய நூலின் பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது.

கேள்வி: அவர் பெயர் எழுதியது செய்தியாளராகத்தான். கவிதைக்கு அது பொருந்துமா?

பதில்: பொருந்தும். பெயர் வெளியானால் ஆபத்து என்று, நீங்கள் யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவரே சொன்னால் மறைத்துவிடுங்கள். அந்த முடிவை நீங்களாக எடுக்காதீர்கள்.

கேள்வி: பேருந்து நிலையத்தில் ஒரு முதியவரை வரைந்தேன். கேட்டிருக்க வேண்டுமா?

பதில்: மேலே சொன்னதுதான். படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பெண்கள் தாங்களே படைக்கும் பயிற்சிப் பட்டறை நடத்த ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சிலியில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பின், காணாமல் போனவர்களின் தாய்மாரும் மனைவியரும் தேவாலய ஆதரவில் கூடிச் சாக்குத்துணியில் ஒட்டுத்துணிப் படங்கள் தைத்தார்கள். சிலர் காணாமல் போனவரின் சட்டைத்துணியையே வெட்டித் தைத்தார்கள். அவை வெளிநாடுகளில் விற்றன, பணம் அவர்களுக்கு வந்தது. நீங்களும் துணியும் ஊசியும் கொடுங்கள். எதைத் தைப்பது என்று சொல்லாதீர்கள். விற்ற பணம் யாருக்கு என்பதை முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் எழுதிக்கொள்ளுங்கள். கண்காட்சித் தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.