கிட்னி போனவருக்கு புரோகால்சிடோனின் 0.8 வந்தா கிருமியா?

கேள்வி: டாக்டர், நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கோம். அப்பாவுக்கு 63 வயசு, இனிப்பு நீர்ல கிட்னி போய் வாரம் மூணு தடவ டயாலிசிஸ். லேசா இருமல், காய்ச்சல் இல்ல. பிளட் டெஸ்ட்ல புரோகால்சிடோனின் 0.8ன்னு வந்துச்சு, 0.5க்கு மேல போனா ரத்தத்துல கிருமின்னு நெட்ல போட்டிருக்கு, ராத்திரி தூக்கமே இல்ல.

பதில்: தங்கச்சி, புரோகால்சிடோனின்னா பாக்டீரியா கிருமி வந்தா ரத்தத்துல ஏறுற ஒரு புரதம். அந்த 0.5 கணக்கு கிட்னி நல்லா இருக்கறவங்கள வச்சு போட்டது. அவங்களுக்கு சாதாரணமா 0.1க்கு கீழதான் இருக்கும், பாக்டீரியா உள்ள பூந்தா சில மணி நேரத்துல ஏறும். உங்க அப்பா மாதிரி ஆளுங்களுக்கு ஒரு கிருமியும் இல்லாமலே 0.5ஐ தாண்டி நிக்கலாம், சிலருக்கு 1கூட தொடும். கிட்னி அத சரியா வெளிய தள்ளாதது ஒரு காரணம், ஆனா அது மட்டும் இல்ல, கிட்னி போன உடம்புக்குள்ள எப்பவும் ஒரு புகைச்சல் (அழற்சி) இருந்துகிட்டே இருக்கும், அதுவே கொஞ்சம் கொஞ்சமா இத சுரக்க வைக்குது. சிஆர்பின்னு அழற்சிய காட்டற இன்னொரு பிளட் டெஸ்ட் இருக்கு, அது ஈரல்ல உண்டாகறது, கிட்னி வழியா போறது இல்ல, ஆனா இதே புகைச்சல்னால அதுவும் ஏறித்தான் கிடக்கும், அதனால அத பாத்தும் ஏமாறக்கூடாது.

ரத்தம் எப்ப எடுத்தாங்கன்னு கேட்டீங்களா? சில டயாலிசிஸ் ஃபில்டர் புரோகால்சிடோனின இழுத்துடும், முடிச்சிட்டு எடுத்தா நம்பர் குறைச்சலா காட்டும். டயாலிசிஸ்க்கு முன்னாடி எடுக்கறதுதான் சரி. ஒரு தடவ பாத்தது பத்தாது, ஒண்ணு ரெண்டு நாள் விட்டு திரும்ப பாக்கணும், 0.8லயே நின்னா ஒரு கதை, 4, 5ன்னு ஏறினா வேற கதை. ஆன்டிபயாடிக் போட்டாலும் இவங்களுக்கு மெதுவாத்தான் இறங்கும், மருந்து கேக்கலன்னு பதறாதீங்க.

அதுக்காக 0.8 ஒண்ணுமில்லன்னு நான் சொல்லல. இருமல் இருக்கு, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துடுங்க. டயாலிசிஸ்காரங்களுக்கு கிருமி இருந்தும் காய்ச்சல் வராம போறது உண்டு, பாத்திருக்கேன். கழுத்துல லைன் (டயாலிசிஸ்க்கு போடற குழாய்) போட்டிருந்து, டயாலிசிஸ் ஓடும்போது குளிர் நடுக்கம் வந்தா, இல்ல ஆள் தடுமாறி பேசினா, நம்பருக்கு காத்திருக்காதீங்க, அன்னைக்கே எமர்ஜென்சி, பிளட் கல்ச்சர் (ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்கற டெஸ்ட்) எடுக்க சொல்லுங்க. அப்பா இன்னும் செம்பனை தோட்டத்துக்குள்ள புல்லு வெட்ட போறாருன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும், எலி மூத்திர காய்ச்சலும் நம்ம பக்கம் உண்டு.

உடம்பு நல்லா தேறின பிறகு, டயாலிசிஸ்க்கு முன்னாடி ஒரு தடவ இதே டெஸ்ட் எடுத்து ஃபைல்ல வச்சிருங்க. அடுத்த தடவ டாக்டர் ஒப்பிட்டு பாக்க நெட்டு நம்பர் இல்ல, அப்பாவோட சொந்த நம்பர்தான் வேணும்.