பதக்கத்தைக் காட்டாதீர்கள்

வணக்கம். நான் உடற்கல்வி ஆசிரியர். உயரம் தாண்டுதல் என்றாலே ஒதுங்கி நிற்கும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு மனக்காட்சிப் பயிற்சி கொடுத்துவருகிறேன். கண்ணை மூடி, பதக்கம் வாங்குவதுபோலவும் எல்லோரும் கைதட்டுவதுபோலவும் நினைக்கச் சொல்கிறேன். ஒரு மாதமாகியும் பயம் போகவில்லை. அவளுக்குக் கற்பனை போதவில்லையோ? ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் செய்ய வேண்டும்? மெல்லிய இசை வைக்கலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

இசை உங்கள் விருப்பம். 'கற்பனை போதவில்லையோ' என்ற வரியைப் படித்ததும் கோபம் வந்தது. கம்பம் விழுவதையும் வகுப்பே சிரிப்பதையும் அந்தப் பிள்ளை ஓடத் தொடங்கும் முன்பே பார்த்துவிடுகிறாள். இதைவிட என்ன கற்பனை வேண்டும்? நீங்கள் அதன் மேல் ஒரு பதக்கத்தை ஒட்டியிருக்கிறீர்கள். நடுவில் இருக்க வேண்டிய தாண்டலைக் காணோம்.

அவளுக்குத் தெரிய வேண்டியது அவளுடைய கால்கள். வகுப்பறை வேண்டாம், களத்துக்கு, தாண்டும்போது போடும் அதே காலணியோடு வரட்டும். ஓட்டம் தொடங்கும் இடத்தில் நிற்கட்டும். கண் திறந்திருந்தாலும் பரவாயில்லை. கத்தரி முறையில் ஐந்து காலடி ஓட்டம் என்றால் ஐந்தையும் மனத்துக்குள் எண்ண வேண்டும். ஐந்தாவதில் கம்பத்துக்குத் தூரமான கால் தரையை உதைக்கிறது, பக்கத்துக் கால் மேலே வீசுகிறது, உதைத்த கால் பின்னால் ஏறிக் கடக்கிறது, மெத்தை. இதைத் தன் கண் வழியாகவே பார்க்க வேண்டும், பார்வையாளர் வரிசையிலிருந்து அல்ல. படமே தோன்றாத பிள்ளைகளும் உண்டு. அவர்கள் அடிகளைத் தாளமாக வாய்விட்டுச் சொல்லட்டும்.

நிஜத் தாண்டலை ஸ்டாப்வாட்ச்சில் அளந்துகொள்ளுங்கள். நான்கு நொடி என்றால் மனத்தாண்டலுக்கும் ஏறக்குறைய நான்கு. ஒன்றரை நொடியில் 'முடிந்தது சார்' என்றால் நடுவே எதையோ தாவிவிட்டாள், பெரும்பாலும் பயமுள்ள இடத்தை. விளையாட்டு உளவியலாளர்கள் ஹோம்ஸும் காலின்ஸும் 2001இல் முன்வைத்த 'பெட்லெப்' (PETTLEP) என்ற மனக்காட்சிப் பயிற்சி முறை இடம், உடை, வேகம் மூன்றும் நிஜத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

கற்பனையிலும் கம்பம் விழுகிறதா? 'அப்படி நினைக்காதே' என்று அதட்டாதீர்கள், அதையேதான் நினைப்பாள். எந்தக் கால் தட்டியது என்று கேளுங்கள். பின்கால் என்றால், கடைசி மூன்று அடியை மட்டும் எடுத்து அந்தக் காலை உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கைவீச்சுகளை எண்ணியே நீந்தி, உலக சாதனையோடு வென்றார். இடைஞ்சல் வந்தால் என்ன செய்வது என்பதையும் அவர் முன்பே மனத்தில் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தார். அந்தத் தண்ணீருக்குள் அவருக்குக் கைகொடுத்தது எண்ணிக்கை.

இன்னொன்று. தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு வலுவான ஊற்று, தானே செய்து முடித்த அனுபவம் என்று உளவியலாளர் பண்டுரா 1977இலேயே எழுதிவிட்டார். மனக்காட்சி மட்டும் போதாது. மூன்று முறை மனத்தில், உடனே ஒரு முறை நிஜத்தில். இப்படி நான்கைந்து சுற்று. நிமிடக் கணக்கை விடுங்கள். 90 செ.மீ. தாண்டியவள் என்றால் நாளைக்குக் கம்பத்தை 80இல் வையுங்கள். எந்தக் காலில் ஓட்டத்தைத் தொடங்குகிறாள் என்று அவளிடம் கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால், அங்கிருந்து தொடங்குங்கள்.