காளி லினக்ஸ் போட்டாச்சு, முதல்ல எந்த டூல்?

"நெட்வொர்க் செக்யூரிட்டி அடிப்படைல இருந்து கத்துக்கணும், லேப்டாப்ல காளி லினக்ஸ் போட்டுட்டேன், உள்ள இருக்கற டூல் லிஸ்டை பாத்தாலே தலை சுத்துது, எதுல ஆரம்பிக்கறது?"னு ஒரு வாசகர் கேட்டிருக்கார்.

இப்போதைக்கு வயர்ஷார்க் (நெட்வொர்க்ல போற வர்ற டேட்டாவை பிடிச்சு காட்டற டூல்) மட்டும் போதுங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஒரு பாக்கெட், அதாவது நெட்வொர்க்ல போற டேட்டா துண்டு, சாதாரணமா எப்படி போய்ட்டு வருதுன்னு தெரியாதவங்களுக்கு எது அட்டாக்னு எப்படி தெரியும்?

வயர்ஷார்க்கை ஓட விட்டுட்டு பிரவுசர்ல ஒரு சைட்டை திறங்க. முதல்ல போர்ட் 53-ல (போர்ட்னா மெஷின்ல ஒவ்வொரு சர்வீஸுக்கும் இருக்கற நம்பர் போட்ட வாசல்) டிஎன்எஸ் கேள்வி, அதாவது சைட் பேரை சொல்லி அதோட ஐபி அட்ரஸை கேக்கறது, போகும் (பிரவுசர்ல டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ், அதாவது இந்த கேள்வியையே என்க்ரிப்ட் பண்ணி அனுப்பறது, ஆன்ல இருந்தா இது தெரியாது, ஆஃப் பண்ணிட்டு பாருங்க), அப்புறம் டிசிபி ஹேண்ட்ஷேக், அதாவது கனெக்ஷனை ஆரம்பிக்க சின், சின்-ஆக், ஆக்னு மூணு பாக்கெட், அதுக்கு மேல டிஎல்எஸ், அதாவது என்க்ரிப்ஷன். உள்ள என்ன பேசிக்கறாங்கன்னு படிக்க முடியாது, ஆனா எந்த சைட்டுக்கு போறீங்கங்கற பேர் டிஎல்எஸ் ஆரம்பிக்க பிரவுசர் முதல்ல அனுப்பற கிளையண்ட் ஹலோ பாக்கெட்ல பெரும்பாலும் அப்படியே இருக்கும், தேடிப் பாருங்க.

இதை பாத்துட்டு ஒவ்வொரு இடத்துலயும் "இவன் சொல்றதை அவன் ஏன் நம்பறான்?"னு கேளுங்க, பாடமே இதுதான். ஏஆர்பி-ய (லோக்கல் நெட்வொர்க்ல ஒரு ஐபி எந்த மெஷினோடதுன்னு கண்டுபிடிக்கற ப்ரோட்டோகால்) எடுத்துக்கங்க, 1982-ல வந்தது, "இந்த ஐபி யாருது?"னு நெட்வொர்க் முழுக்க கேக்கும், "என்னுது"ன்னு யார் பதில் சொன்னாலும் செக் பண்ணாம அப்படியே ஏத்துக்கும், ஏஆர்பி ஸ்பூஃபிங், அதாவது பொய் பதில் சொல்லி அடுத்தவங்க டேட்டாவை தன் பக்கம் திருப்பறது, நடக்கறது இதனாலதான். சின் வந்ததுமே சர்வர் மெமரில இடம் ஒதுக்கிட்டு கடைசி ஆக் வரும்னு காத்திருக்கும், அது வரவே இல்லாம சின் மட்டும் வந்து குவிஞ்சா அதுதான் சின் ஃப்ளட், அதை சமாளிக்கதான் சின் குக்கீ, அதாவது கடைசி ஆக் வந்தப்புறம்தான் இடம் ஒதுக்கறது. ப்ரோட்டோகால் புரிஞ்சா அட்டாக்கும் புரியும், அதை எப்படி தடுக்கறதுங்கறதும் புரியும், தனித்தனியா மனப்பாடம் பண்ண வேண்டாம்.

அடுத்து உங்க மெஷின்லயே நெட்ஸ்டாட் கமாண்ட் போட்டு எந்தெந்த போர்ட் திறந்து காத்துட்டு இருக்குன்னு பாருங்க, எந்த ப்ரோக்ராம்னு தெரியாம ஒண்ணு திறந்திருந்தா கண்டுபிடிக்காம விடாதீங்க. வான்னாக்ரைங்கற ரேன்சம்வேர் (ஃபைலை பூட்டிட்டு காசு கேக்கற வைரஸ்) 2017 மே மாசம் உலகம் பூரா பரவினது எஸ்எம்பி-யோட (விண்டோஸ்ல ஃபைல் ஷேர் பண்ற ப்ரோட்டோகால்) 445 போர்ட் வழியா, அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்லயே பேட்ச் விட்டாச்சு! பேட்ச் போடறதும் வேண்டாத போர்ட்டை ஃபயர்வால்ல மூடறதும் போரடிக்கற வேலைதான், ஆனா எந்த டூலை விடவும் காப்பாத்தறது அதுதான்.

ப்ராக்டிஸ் எல்லாம் விர்ச்சுவல்பாக்ஸ்ல (ஒரே லேப்டாப்குள்ள தனித்தனி மெஷின் ஓட்டற சாஃப்ட்வேர்) ரெண்டு மெஷின் போட்டு ஹோஸ்ட்-ஒன்லி, அதாவது வெளி நெட்வொர்க்கை தொடாத, நெட்வொர்க்ல மட்டும் பண்ணுங்க, அனுமதி இல்லாம அடுத்தவங்க நெட்வொர்க்கை ஸ்கேன் பண்ணவே பண்ணாதீங்க, சட்டப்படி மாட்டிப்பீங்க. உங்க விர்ச்சுவல்பாக்ஸ்ல முதல் வேலையா ஒரு மெஷின்ல இருந்து இன்னொண்ணுக்கு டெல்நெட்ல (என்க்ரிப்ஷன் இல்லாத பழைய ரிமோட் லாகின்) லாகின் பண்ணி வயர்ஷார்க்ல ஃபாலோ டிசிபி ஸ்ட்ரீம் குடுங்க, பாஸ்வேர்ட் எழுத்து எழுத்தா தெரியும். அதே லாகினை எஸ்எஸ்ஹெச்ல (என்க்ரிப்ஷனோட வர்ற ரிமோட் லாகின்) பண்ணி ரெண்டு கேப்சரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, என்க்ரிப்ஷன் சாப்டரை அதுக்கப்புறம் எடுங்க.