சூட்டில் மறுபடி ஸ்ராட் வராத மொறிஸ் மைனர்: எஞ்சினை இறக்க முன்னம் இதைப் பாருங்கள்

கேள்வி: அப்பாவின் 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், 948 சிசி, எங்கள் வீட்டில் தினமும் ஓடுகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்குவதும் சுன்னாகம் சந்தைக்குப் போவதும் இதில்தான். காலையில் ஒரே இழுவையில் ஸ்ராட் வரும். மத்தியானம் ரவுணில் பத்து நிமிடம் நிற்பாட்டிவிட்டு வந்தால் வராது. அரை மணித்தியாலம் விட்டால் தானாக வரும். போன வருடம் கொயிலும் பொயின்ற்றும் புதிதாகப் போட்டோம். எஞ்சின் தேய்ந்துபோச்சு, இறக்கிச் செய்யவேணும் என்கிறார் மெக்கானிக். ஜப்பான் எஞ்சின் பூட்டித் தாறன் என்று இன்னொருவர் வந்து நிற்கிறார். எதைச் செய்வது? – வாசகர், மல்லாகம்

பதில்: இரண்டையும் செய்யவேண்டாம். தேய்ந்த எஞ்சின் காலையில்தான் அடம்பிடிக்கும். றிங் தேய்ந்து கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுக்கம், குறைந்த எஞ்சின் குளிரில் ஒரே இழுவையில் வந்து, சூட்டில் மட்டும் வராமல் நிற்பது மிக அரிது. உங்கள் கார் சொல்வது வேறு. சூடேறியதும் பிளக்குக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது பெற்றோல் போகவேண்டிய மாதிரிப் போகவில்லை. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் ஸ்பானர் எடுக்கும் எவரிடமும் காரைக் கொடுக்காதீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க கார் மக்கர் பண்ணுகிற அந்த நேரத்திலேயே பார்க்கவேண்டும். கராஜுக்குக் கொண்டுபோய்ச் சேர்வதற்குள் எஞ்சின் ஆறிவிடும், மெக்கானிக் ஸ்ராட் அடிப்பார், கார் வந்துவிடும், பிறகு அவர் சொல்வதுதான் சட்டம். ஆகவே காரில் பிளாஸ்ரிக் கைப்பிடியுள்ள குறடு ஒன்றும் ஒரு துண்டுத் துணியும் எப்போதும் இருக்கட்டும். வராத நேரத்தில், பற்றரிக் கரண்டைப் பிளக்குக்கு வேண்டிய அளவுக்கு ஏற்றிக் கொடுக்கும் கொயிலின் நடுவிலிருந்து, அதை நாலு பிளக்குக்கும் பிரித்துவிடும் டிஸ்ரிபியூட்டரின் மூடிக்குப் போகும் தடித்த வயரை மூடியின் பக்கம் கழற்றி, குறட்டால் பிடித்து, நுனியை எஞ்சின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி வையுங்கள். இன்னொருவர் ஸ்ராட் அடிக்கட்டும். நீலமாக, சடசடவென்று பாய்ந்தால் கரண்ட் பக்கம் அநேகமாகப் பிழையில்லை. மஞ்சளாக, மெலிதாகப் பாய்ந்தால் அல்லது ஒன்றுமே இல்லையென்றால் பெற்றோல் பக்கம் போகவே தேவையில்லை. பக்கத்தில் பெற்றோல் ஒழுக்கு இருந்தால் மட்டும் இந்தச் சோதனையைத் தொடவேண்டாம்.

போன வருடம் கொயில் மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது. மைனருக்கு வேண்டியது நேரடியாக 12 வோல்ற்றில் ஓடும் கொயில். இரண்டு சின்ன வயர்களையும் கழற்றிவிட்டு அந்த இரண்டு முனைக்கும் இடையில் மீற்றரால் அளந்தால் ஏறக்குறைய 3 ஓம் காட்டவேண்டும். கடைகளில் 'எல்லாத்துக்கும் போடலாம்' என்று தருவதில் பல, றெசிஸ்ரருடன் சேர்த்து ஓடவேண்டிய கொயில்கள், அவை 1.5 ஓம் அளவில் காட்டும். றெசிஸ்ரர் இல்லாமல் அதைப் பூட்டினால் 4 அம்பியர் போகவேண்டிய இடத்தில் 8 அம்பியர் போகும். காலையில் அருமையான கரண்ட், கார் பறக்கும். மத்தியானம் கொயில் கை வைக்க முடியாத சூடு, உள்ளே இன்சுலேஷன் விட்டுக்கொடுக்கும், ஆறினால் மறுபடி வேலை செய்யும். டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் கொயிலின் கரண்டை வெட்டும் பொயின்ற்றும் சேர்ந்து கருகும். நீங்கள் எழுதிய நோய்க்குறி வரிக்கு வரி இதுதான்.

கொயில் சரியென்றால், பொயின்ற்றில் பொறி பறக்காமல் காக்கும் கொண்டென்சர். இது 0.2 மைக்றோபராட் அளவுள்ள சின்னத் தகரக் குப்பி. இன்று புதிதாக வருவதில் பல, பூட்டிய கிழமையே சூட்டில் செத்துவிடுகிற சாமான். கடைக்காரர் 'ஒறிஜினல் லூக்காஸ்' பெட்டியைக் காட்டுவார். பெட்டி அச்சடிப்பது பெரிய காரியமில்லை. பொயின்ற் முகம் சில நூறு கிலோமீற்றரிலேயே குழிவிழுந்து கருகியிருந்தால் கொண்டென்சரைத் தூக்கி எறியுங்கள். டிஸ்ரிபியூட்டருக்குள்தான் அது இருக்கவேண்டும் என்று சட்டமில்லை. பொயின்ற்றுக்குப் போகும் வயர் கொயிலில் ஏறும் முனையில் அதன் வயரைப் பூட்டி, உடலைக் கொயில் கிளாம்ப்பில் இறுக்கினால் சூடு குறைந்த இடத்தில் கூடிய காலம் உழைக்கும். பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீற்றர், பீலர் கேஜ் என்ற அளவுத் தகடு வைத்தே பார்க்கவேண்டும். நெருப்புப்பெட்டி அட்டையால் அளப்பவரிடம் இதைக் கொடுக்கவேண்டாம். டிஸ்ரிபியூட்டருக்குள் சுற்றும் றோட்டரில், பித்தளைத் தகட்டில் ஆணி அடித்ததை வாங்காதீர்கள். அந்த ஆணி வழியாகத்தான் கரண்ட் தண்டுக்கு ஒழுகும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில்தான் நல்ல மெக்கானிக்மாரும் விழுகிறார்கள். மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியில், அதாவது காரின் இரும்பு உடலில், பூட்டியிருந்தது. இப்போதைய கார்களுக்கு நேர் எதிர். யாழ்ப்பாணத்தில் ஓடும் மைனர்களில் சிலதை இடையில் யாரோ மாற்றிவிட்டார்கள், சிலது இன்னும் பழைய மாதிரியே, புத்தகத்தில் எங்கும் எழுதியிருக்காது. ஆகவே பொனற்றைத் திறந்து, பொடிக்குப் போகும் தடித்த வயர் பற்றரியின் எந்த முனையிலிருந்து வருகிறது என்று கண்ணால் பாருங்கள். பொசிட்டிவ் என்றால், கூட்டல் கழித்தல் குறியுள்ள கொயிலில் கூட்டல் முனை டிஸ்ரிபியூட்டருக்கும் கழித்தல் முனை ஸ்விச் வயருக்கும் போகவேண்டும். நெகட்டிவ் பொடியில் என்றால் மறுபக்கம். தலைகீழாகப் பூட்டினாலும் கார் ஓடும், அதனால்தான் ஒருவருக்கும் தெரிவதில்லை. ஆனால் கரண்ட் பாய்வதற்கு வோல்ற் கூடத் தேவைப்பட்டு, சூட்டில் முதலில் கைவிடும். பொயின்ற்றுக்குப் பதிலாக எலெக்ட்ரோனிக் பெட்டி பூட்டச் சொல்பவர்கள் பொசிட்டிவ் பொடிக்கென்று செய்த பெட்டியைத் தராவிட்டால், முதல் தடவை திறப்பைத் திருப்பியதுமே அது எரிந்துவிடும். பொடியை நெகட்டிவுக்கு மாற்றினால் டைனமோவின் எஃப் (F) முனையைப் பற்றரியின் பொசிட்டிவ் முனையோடு ஒரு கணம் தொட்டு அதன் காந்தத்தையும் திருப்பவேண்டும். அதை மறந்தால் சார்ஜ் சீராகாது, றெகுலேற்றரும் கெடும். மாற்றத் தேவையில்லாதவர்கள் மாற்றவே வேண்டாம்.

கரண்ட் நீலமாகப் பாய்கிறது, ஆனாலும் வரவில்லை என்றால் பெற்றோல் கொதிக்கிறது. இந்த எஞ்சினில் காபரேற்றர் எக்சோஸ்ற் குழாய்க்கு மேலேயே இருக்கிறது. ஓடும்போது காற்று ஆற்றும். நிற்பாட்டியதும் சூடு மேலே ஏறி, மிதவைக் கிண்ணத்துப் பெற்றோல் பொங்கி உள்ளே வழியும். அப்போது சோக் இழுக்காதீர்கள். இந்தக் காரின் எஸ்யு காபரேற்றரில் அக்சிலறேற்றர் பெடலை மிதித்து மிதித்து அடிப்பதாலும் பிரயோசனமில்லை, மிதிக்க மிதிக்கப் பெற்றோல் பீச்சும் பம்பு அதில் கிடையாது. பெடலை அடிவரை மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்ராட் அடியுங்கள். வழிந்தது வெளியேறி எஞ்சின் பிடிக்கும். மிதவைக் கிண்ணத்திலும் பெற்றோல் பம்பிலும் ஈரத்துணி சுற்றி இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டால் சந்தேகமே இல்லை. தண்ணீரை ஊற்றவேண்டாம், சூடான வார்ப்பிரும்பு வெடிக்கும். பம்பு 'டிக் டிக்' என்று விடாமல் அடித்தால் உள்ளே ஆவி அல்லது காற்று. கிண்ணம் காலியாயிருந்தும் சத்தமே இல்லையென்றால் பம்பின் பொயின்ற் கருகியிருக்கிறது. நிரந்தர வழி, காபரேற்றருக்கும் எக்சோஸ்ற்றுக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தகடு. அங்கே இருக்கவேண்டிய தடித்த பேக்கலைற் துண்டை முன்பு யாரும் கழற்றி எறியவில்லையா என்றும் பாருங்கள்.

பெற்றோலோடு கொஞ்சம் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்வார்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்பது உண்மை, கலந்தால் கொதிப்புக் குறையும் என்பதும் உண்மை. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாக இறங்கி ஓயிலை நீர்க்கச் செய்யும். அதன் பிறகு எஞ்சின் உண்மையிலேயே தேயும்.

இன்னொரு காரணத்தை நீங்களே காசு கொடுத்து வாங்கியிருக்கலாம். வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது 'பாஸ் பண்ணித் தாறம்' என்று காபரேற்றரின் அடி நட்டைத் திருகிப் பெற்றோலைக் குறைத்துவிடுவார்கள், திரும்ப வைக்கமாட்டார்கள். பெற்றோல் குறைந்தால் எஞ்சின் கூடச் சூடேறும். அறுபது வருடத்துக் காரின் பிறேக்கை, ஸ்ரியறிங்கை ஒருவரும் பார்க்காமல் புகையை மட்டும் அளந்து பத்திரம் கொடுக்கிற முறையை என்னென்று சொல்வது. எஞ்சின் சூடாக, மெதுவாக ஓடும்போது காபரேற்றரின் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்திப் பாருங்கள். ஓட்டம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், நிற்கப்பார்த்தால் குறைவு, சற்றுக் கூடி உடனே அடங்கினால் சரி. நட்டின் ஒரு முகமாகத்தான், அதாவது ஆறில் ஒரு சுற்றாகத் திருப்பவேண்டும்.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணி விடுகிறீர்களா? இன்றோடு நிற்பாட்டுங்கள். எங்கள் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைதான் நாலாவது சிலிண்டரைச் சுற்றியும் படிகிறது. மொத்தம் ஐந்து லீற்றர்தான் பிடிக்கும். கழுவி இறக்கிவிட்டு மழைத் தண்ணியோ பற்றரித் தண்ணியோ மூன்றரை லீற்றரும் கூலன்ற் ஒன்றரை லீற்றரும் விடுங்கள். எஞ்சின் சூடானதும் தண்ணிக்கு வழி திறக்கும் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியவேண்டாம், 74 பாகை செல்சியஸில் திறப்பது கிடைக்கும்.

ஜப்பான் எஞ்சின் ஆளைப் பற்றி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழைய கார்களுக்கு விலை ஏறியது, அதோடு இந்த ஆட்களும் பெருகினார்கள். உங்கள் எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 'அதெல்லாம் பிறகு பாப்பம்' என்பார். அந்தப் 'பிறகு' விபத்து நடந்து காப்புறுதிக்காரர் இலக்கத்தைப் பார்க்கிற நாளில்தான் வரும். கழற்றிய பழைய எஞ்சினை இரும்பு விலைக்குத் தானே எடுக்கிறன் என்றால், அதை வாங்க ஆள் ஏற்கெனவே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போதாததற்கு உங்கள் காரின் பிறேக் டிறம் ஏழு அங்குலம். இரண்டு மடங்கு வலு வந்தால் எதைக் கொண்டு நிற்பாட்டுவீர்கள்? கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து அம்பாசிடர் சாமான் எடுத்துத் தாறன் என்பவரையும் அனுப்பிவிடுங்கள். அது பெரிய மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வழி வந்த கார், எஞ்சின் உறுப்புகள் மைனருக்குப் பொருந்தாது.

எல்லாம் பார்த்தும் தீரவில்லையென்றால் மட்டும் கொம்பிரஷன் அளவுங்கள்: எஞ்சின் சூடாக, நாலு பிளக்கும் கழற்றி, பெடல் முழுதாக மிதித்து. நாலும் 120 பிஎஸ்ஐக்கு மேல், ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் இருந்தால் எஞ்சினைத் தொடவேண்டாம். ஒன்று மட்டும் குறைந்தால் முதலில் வால்வ் இடைவெளியை ஆறிய எஞ்சினில் 0.012 அங்குலத்துக்கு வையுங்கள். 2002 இல் ஈயப் பெற்றோல் நின்றபின் எக்சோஸ்ற் வால்வ் இருக்கைக்குள் இறங்கி, இடைவெளி தானாகக் குறைந்துபோவது உண்டு.

எஞ்சின் இறக்க எடுத்துவைத்த காசில் முன் சில்லைத் தாங்கும் ட்ரனியன்களை மாற்றுங்கள், பிள்ளைகள் ஏறுகிற கார். அதன் மரை தேய்ந்தால் சந்தியில் மெதுவாகத் திரும்பும்போது சில்லு மடிந்து கார் மூக்குக் குத்தும். சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அன்றே நிற்பாட்டவேண்டும். 1,600 கிலோமீற்றருக்கு ஒருமுறை இரண்டு பக்கமும், மேலேயும் கீழேயும், பழைய கிறீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை கிறீஸ் அடிக்கவேண்டும். வாங்கும்போது இடமா வலமா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கத்து மரையும் எதிரெதிரானவை.